670 கிலோமீட்டர் நடந்தால் உடலுக்குள் என்ன நடக்கும்?

மாணவர்களே, ஒரு சிறிய கணக்கோடு தொடங்குவோம்.

தாய்லாந்து எல்லையை ஒட்டிய புக்கிட் காயு ஹித்தாமிலிருந்து ஜொகூர் பாருவரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் நீளம் 772 கிலோமீட்டர். காரில் போனால், வழியில் ஓய்வு நிலையங்களில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போனாலும், காலையில் கிளம்பி மாலைக்குள் சேர்ந்துவிடலாம். ஏறக்குறைய இதே தூரத்தை ஒருவரால் நடந்து கடக்க முடியுமா? முடியும் என்றால் எத்தனை நாள் ஆகும்? அவருடைய கால்கள் என்ன பாடுபடும்?

இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 2011 ஜூலை மாதம் இலங்கையில் ‘டிரெயில்’ என்ற பெயரில் ஓர் அறப்பணி நடை நடந்தது. நாட்டின் தென்முனையான தேவேந்திரமுனையில் தொடங்கி, வடக்கே பருத்தித்துறையில் முடிந்த நடை அது. வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தால் இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 430 கிலோமீட்டர்தான். ஆனால் சாலைகள் நேர்கோட்டில் போவதில்லை அல்லவா? அவர்கள் நடந்தது 670 கிலோமீட்டர். எடுத்துக்கொண்டது 27 நாள். நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரு நண்பர்கள் முன்னின்று நடத்திய இந்த நடையில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துகொண்டார்கள். சிலர் முழுத் தூரமும் நடந்தார்கள். பலர் ஒரு நாளோ, சில மணி நேரமோ நடந்தார்கள்.

எதற்காக? யாழ்ப்பாணத்தின் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்காக.

இலங்கையில் போர் 2009ஆம் ஆண்டு மே மாதம்தான் முடிந்திருந்தது. வடக்கே இருந்த நோயாளிகள் பலர் கொழும்புக்கு அருகே மகரகமவில் உள்ள தேசியப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. போக மட்டும் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். புற்றுநோய்க்கு ஒருநாள் போய் மருந்து வாங்கி வந்தால் போதாது என்பது உங்களில் சிலருக்கு வீட்டு அனுபவத்திலேயே தெரிந்திருக்கும். கதிர்வீச்சுச் சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். முழு அளவையும் ஒரே நாளில் கொடுத்தால் புற்றணுக்களோடு நல்ல அணுக்களும் சேதமாகும். அதனால் சிறு சிறு அளவாகப் பிரித்து, பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் கொடுப்பார்கள். இடைவெளியில் நல்ல அணுக்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளும். அப்படியானால் மருத்துவமனை 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு குடும்பத்தின் நிலை என்ன? அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் இவர்கள் நடந்தார்கள். 20 லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல் நிதி சேர்ந்தது. மருத்துவமனையும் எழுந்தது. 2016ஆம் ஆண்டு அதே பாதையில் வடக்கிலிருந்து தெற்கே 28 நாள் மீண்டும் நடந்தார்கள். இந்த முறை தெற்கே காலி நகரை ஒட்டிய கராப்பிட்டிய மருத்துவமனைக்காக.

இனி நம் பாடத்துக்கு வருவோம். இந்த நடையின்போது ஒரு மனித உடலுக்குள் என்ன நடந்திருக்கும்?

ஒன்பதரை லட்சம் காலடிகள்

670 கிலோமீட்டரை 27 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வருகிறது. ஓர் அடியின் நீளம் 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 35,000 அடிகளுக்கு மேல். மொத்தம் ஒன்பதரை லட்சம் அடிகளைத் தாண்டும்.

இவ்வளவு அடிகளைத் தசைகள் எப்படித் தாங்குகின்றன? இதற்கு விடை ஊசலில் இருக்கிறது. நூலில் கட்டிய குண்டு மேலே போகும்போது இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாகிறது. கீழே வரும்போது நிலை ஆற்றல் மறுபடி இயக்க ஆற்றலாகிறது. நடக்கும்போது நம் உடலும் ஓர் ஊசல்தான், ஆனால் தலைகீழ் ஊசல். ஊன்றிய பாதம்தான் தொங்கும் புள்ளி. இடுப்புக்கு மேலுள்ள உடல்தான் குண்டு. நேராக ஊன்றிய காலின்மேல் உடல் ஏறும்போது வேகம் சற்றுக் குறைகிறது, உயரம் கூடுகிறது. அங்கிருந்து முன்னோக்கி இறங்கும்போது அந்த உயரம் மீண்டும் வேகமாக மாறுகிறது. வசதியான வேகத்தில் நடந்தால் ஓர் அடிக்கான இயந்திர ஆற்றலில் 60 விழுக்காட்டுக்கும் மேல் இப்படி மீட்கப்படுகிறது. மிச்சத்தைக் கொடுத்தால் போதும். தசைகளுக்கு வேலை குறைவு.

அந்த வசதியான வேகம் பெரியவர்களுக்கு மணிக்கு 5 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். காலின் நீளத்தைப் பொறுத்து இது மாறும். குட்டையான ஊசல் வேகமாக ஆடும் என்பது உங்களுக்குத் தெரியும். குட்டையான கால்கள் உள்ளவர் அடிக்கடி அடி வைக்கிறார், ஆனாலும் ஓர் அடியில் கொஞ்சத் தூரம்தான் போகிறார். படிவம் 5 மாணவர் சாதாரணமாக நடக்கும்போது படிவம் 1 மாணவர் பக்கத்தில் பாதி ஓட்டமாக வருவது இதனால்தான். அவரைப் பார்த்து ‘சோம்பேறி’ என்று சொல்லாதீர்கள். அது இயற்பியல்!

ஓட்டம் வேறு கதை. நடக்கும்போது எப்போதும் ஒரு பாதமாவது தரையில் இருக்கும். ஆகவே ஒவ்வோர் அடியிலும் தரை நம்மைத் திருப்பித் தள்ளும் விசை நம் எடையைவிடச் சற்றுத்தான் அதிகம். ஓடும்போது இரு பாதங்களும் அந்தரத்தில் இருந்துவிட்டு ஒன்று தரையில் இறங்குகிறது. அப்போது அந்த விசை உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்குவரை போகும்.

இந்த இடத்தில் டெர்ரி ஃபாக்ஸை நினைத்துப் பாருங்கள். கனடா நாட்டு இளைஞர். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர். 1980 ஏப்ரல் 12ஆம் நாள் செயற்கைக் காலுடன் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். ஒரு நாளைக்குச் சராசரியாக 37 கிலோமீட்டருக்கும் மேல்! புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால்தான் ஓட்டத்தை நிறுத்தினார். 1981 ஜூனில், 22 வயதில் இறந்தார். அவர் பெயரிலான ஓட்டம் பல நாடுகளில் நடக்கிறது. கோலாலம்பூரிலும் நடந்திருக்கிறது. அங்கே ஓட முடியாதவர்கள் நடக்கலாம்.

எவ்வளவு சாப்பிட வேண்டும்?

60 கிலோகிராம் எடையுள்ளவர் சமதரையில் 25 கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய 1,050 கிலோகலோரி செலவாகும். வெறும் ரொட்டிச் சானாய் ஒன்றில் 300 கிலோகலோரி அளவில் இருக்கிறது. அதாவது ஒரு நாள் முழுக்க நடந்த நடைக்கு மூன்றரை ரொட்டிச் சானாய்! நடை எவ்வளவு சிக்கனமானது என்று பாருங்கள். நடந்தால் உடனே இளைத்துவிடலாம் என்று நினைப்பவர்களும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வேகமாக ஓடும்போது தசைகள் பெரும்பாலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பையே எரிக்கின்றன. அது உடலில் அரை கிலோ அளவில்தான் இருக்கிறது, சீக்கிரம் தீர்ந்துவிடும். மெதுவாக நடக்கும்போது கொழுப்பும் கணிசமாக எரிகிறது. கொழுப்புச் சேமிப்பு ஒல்லியானவரிடம்கூடப் பல கிலோ உண்டு. எனவே நெடுநடைக்காரர் ஆற்றல் தீர்ந்து விழுவது அரிது.

அப்படியென்றால் அவரைத் தடுப்பது எது? இரண்டு எதிரிகள். ஒன்று வெப்பம். இன்னொன்று ஐந்து காசு அளவுள்ள ஒரு கொப்புளம்.

வெப்பம்: நான் கற்ற பாடம்

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில் எட்டு கிலோமீட்டர் அறப்பணி நடை ஏற்பாடு செய்தோம். மாணவர் ஒருவரின் குடும்பத்துக்கு மருத்துவ உதவி செய்ய. மாணவர்கள் நன்கொடை அட்டைகளோடு வீடு வீடாகப் போய் வெள்ளி சேர்த்தார்கள். காலை ஏழரைக்குக் கிளம்ப வேண்டிய நடை ஒன்பதரைக்குத்தான் கிளம்பியது. செம்பனைத் தோட்டச் சாலை வழியாக நடந்து, பதினொன்றரைக்குத் திடலுக்குத் திரும்பினோம். எல்லாரும் நன்றாகத்தான் வந்து சேர்ந்தார்கள். ‘வரிசையில் நில்லுங்கள், அசையாதீர்கள், உரை முடிந்ததும் மைலோ குடிக்கலாம்’ என்று ஒலிபெருக்கியில் சொன்னது நான்தான். பத்து நிமிடத்தில் இரண்டு மாணவிகள் மயங்கி விழுந்தார்கள்.

நிழலில் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தியதும் இருவரும் கண் விழித்தார்கள். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் வகுப்பில் உள்ளுறை வெப்பம் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். அந்தப் பாடத்தைத் திடலுக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன்.

அன்று என்ன நடந்தது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 60 கிலோகிராம் எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 880 கிலோஜூல் ஆற்றலைச் செலவிடுகிறார். சமதரை நடையில் அது ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. மனித உடலின் வெப்பநிலையை 1 பாகை செல்சியஸ் உயர்த்த, ஒரு கிலோகிராமுக்கு 3.5 கிலோஜூல் தேவை. 60 கிலோவுக்கு 210 கிலோஜூல். 880ஐ 210ஆல் வகுத்தால் நான்குக்கு மேல். அதாவது இந்த வெப்பம் வெளியேறவே இல்லை என்றால், ஒரு மணி நேரத்தில் 37 பாகையிலிருந்து 41 பாகைக்குப் போய்விடுவோம். 40 பாகையைத் தாண்டினால் வெப்பத் தாக்கு, உயிருக்கே ஆபத்து.

நாம் தினமும் நடந்தும் அப்படி ஆவதில்லையே, ஏன்? வியர்வைதான் காரணம். தோலின் மேல் 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இதுதான் நீங்கள் படிவம் 4 இயற்பியலில் படிக்கும் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். 880 கிலோஜூலை வியர்வையால் மட்டுமே வெளியேற்ற 370 கிராம் அளவு ஆவியாக வேண்டும்.

இங்கே ‘ஆவியாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வியர்த்தால் போதாது, ஆவியாக வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நம் ஊர்க் காற்றில் ஏற்கனவே ஈரப்பதம் அதிகம். அதனால் வியர்வை ஆவியாவது மெதுவாகிறது. காற்றோட்டமில்லாத தோட்டச் சாலையில் இன்னும் மெதுவாகிறது. மேலே இருந்து வெயில் வேறு வெப்பத்தைச் சேர்க்கிறது. எனவே உடல் இன்னும் அதிகமாக வியர்க்கிறது. மணிக்கு அரை லிட்டர் இழப்பது சாதாரணம்.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. வெப்பத்தை வெளியே கொண்டுவர, தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. முகம் சிவப்பது அதனால்தான். நிறைய இரத்தம் தோலுக்கும் கால்களுக்கும் போய்விடுகிறது. நடந்துகொண்டிருக்கும்வரை பிரச்சினை இல்லை. கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடியிலும் சுருங்கி, சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சிரைகளில் உள்ள தடுக்கிதழ்கள் அது கீழே திரும்பாமல் பார்த்துக்கொள்கின்றன. கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

இப்போது அந்த நடையைச் சட்டென்று நிறுத்தி, ‘அசையாமல் நில்’ என்றால்? பிழியும் பம்பு நின்றுவிடுகிறது. இரத்தம் கால்களில் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, மூளைக்குப் போவதும் குறைகிறது. மயக்கம். அந்த மாணவிகளை விழவைத்தது எட்டு கிலோமீட்டர் நடை அல்ல. அதற்குப் பிறகு வெயிலில் நின்ற பத்து நிமிடம்.

சாதாரண மயக்கமா, வெப்பத் தாக்கா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. மயங்கியவர் படுத்த சில நிமிடங்களில் தெளிவாகப் பேசினால் பெரும்பாலும் மயக்கம்தான். உடல் கொதித்து, பேச்சு குழறி, இடம் பெயர் தெரியாமல் உளறினாலோ, வலிப்பு வந்தாலோ, விழிக்காமலே கிடந்தாலோ வெப்பத் தாக்கு என்றே கருதுங்கள். உடனே 999ஐ அழையுங்கள். அவர்கள் வரும்வரை காத்திராமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். சுயநினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஐந்து காசுக் கொப்புளம்

அடுத்த எதிரி பாதத்தில் இருக்கிறது. கொப்புளம் சப்பாத்து தோலை உரசித் தேய்ப்பதால் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தேய்வு வெளியே நடப்பதில்லை. சப்பாத்தும் காலுறையும் தோலின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்கின்றன. உள்ளே எலும்பு ஒவ்வோர் அடியிலும் முன்னும் பின்னும் நகர்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மேற்தோல் அடுக்குகள் எதிரெதிர்த் திசையில் இழுபடுகின்றன. ஆயிரக்கணக்கான முறை இழுபட்டதும் அடுக்குகளுக்கு இடையே கிழிந்து, அந்த இடைவெளியில் திரவம் நிரம்புகிறது.

ஈரத்தோலில் உராய்வு அதிகம். வியர்வையில் நனைந்த பருத்திக் காலுறையோடு நடப்பது கொப்புளத்தை அழைப்பதற்குச் சமம். ஆகவே மாற்றுக் காலுறை ஒன்று பையில் இருக்கட்டும். நடை நாளன்று புதுச் சப்பாத்து போடாதீர்கள். ஓரிடத்தில் ‘சுருக்’ என்று எரியத் தொடங்கியதும், ‘இன்னும் கொஞ்சத் தூரம்தானே’ என்று சமாளிக்காமல், உடனே நின்று ஒட்டுப்பட்டை போடுங்கள். வந்துவிட்ட கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். மேலே இருக்கும் அந்தத் தோல்தான் கிருமிகளுக்குத் தடுப்பு.

எலும்புக்கும் அவகாசம் வேண்டும். திடீரென்று அதிகம் நடந்தால் எலும்பில் மயிரிழை விரிசல் விழலாம். எலும்பு உயிருள்ள பொருள். சுமை கூடும்போது பழைய பகுதியைக் கரைத்து, பிறகுதான் உறுதியான புதுப் பகுதியைக் கட்டுகிறது. அந்தக் கட்டுமானத்துக்கு வாரங்கள் ஆகும். அதனால் நெடுநடைக்குப் போகிறவர்கள் பல வாரங்களுக்கு முன்பே சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டி, இடையிடையே ஓய்வு நாளும் விட்டுப் பயிற்சி செய்ய வேண்டும்.

உங்கள் பள்ளியில் நடை வைத்தால்

புறப்பாட நடவடிக்கையாகவோ, நிதி திரட்டவோ நடை ஏற்பாடு செய்யும்போது இவற்றை உங்கள் ஆசிரியர்களிடமும் எடுத்துச் சொல்லுங்கள்.

• விடிந்ததும் கிளம்புங்கள், வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள். தொடக்கம் தாமதமானால் தூரத்தைக் குறையுங்கள்.

• மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் வெப்ப அறிவிப்பைப் பாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் அதிகபட்ச வெப்பநிலை 35 முதல் 37 பாகையாக இருந்தாலே முதல் நிலை எச்சரிக்கை. நம் பக்கத்து மாநிலமான பெர்லிசில், சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் 40.1 பாகை பதிவானது நினைவிருக்கட்டும்.

• தண்ணீர்ப் போத்தலை ஒரே மூச்சில் காலி செய்யாதீர்கள். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறுகள் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் உப்பும் வேண்டும். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறையும். அதுவும் ஆபத்து.

• வரிசையின் வேகத்தை முன்னால் போகிறவர் முடிவு செய்யக் கூடாது. குட்டையான கால்கள் உள்ளவர் முடிவு செய்யட்டும்.

• முடிந்ததும் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து, நிழலில் உட்காருங்கள். உரைகள் நிழலில் நடக்கட்டும். மைலோ முதலில் வரட்டும்!

எங்கள் பள்ளியில் இப்போது இப்படித்தான் நடத்துகிறோம். இதில் புதிதாக எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. புக்கிட் செலம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் பாட்டிமார்கள் இருட்டு விலகுவதற்கு முன்பே கிளம்பி, வெயில் உறைக்கும்முன் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி முடித்தார்கள். இரவில் இலைகள் வழியாக நீர் குறைவாகவே வெளியேறுவதால், அதிகாலையில் மரத்தின் உள்ளே நீரழுத்தம் கூடுதலாக இருக்கும். பால் நன்றாக வடியும். மரத்துக்காகக் கிளம்பிய அந்த நேரம் மனித உடலுக்கும் ஏற்ற நேரமாக இருந்தது.

27 நாள் நடந்தவர்களில் பலர் விளையாட்டு வீரர்கள் அல்லர். நம்மைப் போன்றவர்கள்தான். மெதுவாக, ஒரே சீராக, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நடந்தால் மனித உடல் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும். உங்கள் நடை ஐந்து கிலோமீட்டராகவே இருக்கலாம். கிளம்பிய அத்தனை பேரும் நலமாகத் திரும்பினால்தான் அது நல்ல நடை.

செய்து பாருங்கள்

1. திடலில் ஒரு கோடு போட்டு, வழக்கம்போல் 20 அடிகள் நடங்கள். கடந்த தூரத்தை அளந்து 20ஆல் வகுத்தால் உங்கள் அடியின் நீளம் கிடைக்கும். 670 கிலோமீட்டருக்கு உங்களுக்கு எத்தனை அடிகள் தேவை?

2. உங்கள் காலின் நீளத்தை இடுப்பு மூட்டிலிருந்து தரைவரை அளந்து குறியுங்கள். வகுப்பில் பத்துப் பேரின் கால் நீளத்தையும் அடி நீளத்தையும் வரைபடமாக வரையுங்கள். புள்ளிகள் எப்படி அமைகின்றன?

3. உட்கார்ந்த நிலையில் ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணுங்கள். நிழலான இடத்தில் பத்து நிமிடம் நடந்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது? தினமும் நடந்து, ஒரு மாதம் கழித்து மீண்டும் செய்து பாருங்கள். இரண்டு எண்களையும் ஒப்பிட்டு, மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று உங்கள் அறிவியல் ஆசிரியரோடு பேசுங்கள்.